இல்லாத வீட்டில் கடன் கேட்ட பாடம்

அனுப்புநர்
நான்காம் வகுப்பு ஆசிரியை,
தொடக்கப் பள்ளி, பின்கட்டடம்,
விளையாட்டுப் பொருள் அறைக்கு அடுத்த அறை.

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: கணக்குப் பாடக் காணொளிகளுக்குக் குரல் கொடுத்த பள்ளிப் பணியாளரை மாத இறுதியில் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணையை நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தரச் சரிபார்ப்புக் குழுவின் குறைத்தாள். 2. விசாரணைக் குறிப்பு. 3. இதே பொருளில் நான் அளித்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் மூன்றாவது மனு. முதல் மனுவுக்கு ஒரு பதிவு எண் கிடைத்தது, அதோடு சரி. இரண்டாவது மனு "தக்க நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு எங்கள் தலைமையாசிரியருக்கே அனுப்பப்பட்டது. அது அவரைப் பற்றிய மனு. அவர் அதை என் மேசையில் வைத்து, படித்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கிணற்றில் போட்ட கல்லாவது கிணற்றிலேயே கிடக்கும். என் மனு வீடு திரும்பிவிட்டது. ஆகவே இம்முறை நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சாலையோர அறை என்பதால் ஜன்னலைத் திறந்தால் வண்டிச் சத்தம், மூடினால் புழுக்கம். திறந்துவைத்துக் கத்தியே காலம் தள்ளினேன். இவ்வாண்டின் தொடக்கத்தில் குரல்நாணில் முடிச்சு விழுந்திருப்பதாகத் தொண்டை மருத்துவர் கண்டறிந்தார். ஆறு மாதங்களுக்குப் பேசக் கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார். சான்றிதழை இணைத்துள்ளேன். மருத்துவ விடுப்புக் கேட்டேன். மாற்று ஆசிரியர் கிடைக்கவில்லை. "நீங்க வந்து போர்டுல எழுதினாப் போதும் டீச்சர், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். நான் ஒப்புக்கொண்டேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்ளவில்லை என்பதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

2. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். முப்பத்தெட்டு வாயுள்ள பிள்ளைகளுக்கு நடுவே வாயில்லாத ஆசிரியை இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பள்ளிக்கு அலுவலகம் கொடுத்த டேப் ஒன்று பீரோவில் இருந்தது. அதில் வெண்பலகைச் செயலி ஒன்று உண்டு. திரையில் பேனாவால் எழுத எழுத, எழுத்து விழும் ஒவ்வொரு கணத்தையும் அது பதிந்துகொள்ளும். அருகில் யாராவது பேசினால் அந்தக் குரலையும் சேர்த்துப் பதியும். முடிந்ததும் காணொளியாகக் கொடுக்கும். எழுதுபவரின் கையோ முகமோ தெரியாது. எழுத்து மட்டும் தானாக நடந்து போகும். எழுத்து என்னிடம் இருந்தது. குரல்தான் தேவைப்பட்டது.

3. மற்ற ஆசிரியர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் பாடவேளை ஒழியவில்லை, அதில் பொய்யில்லை. எங்கள் பள்ளியில் பெருக்குவது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, பாடவேளைக்கு மணி அடிப்பது ஆகிய வேலைகளைப் பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர் ஒருவர் செய்துவருகிறார். பிள்ளைகள் அவரை பெல் அக்கா என்பார்கள், ஆசிரியர்களும் அப்படியே. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். பேசவேண்டியதை எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தால் வாசிப்பீர்களா என்று எழுதிக் காட்டினேன். மணிக்கு மணி நடுவில் சும்மாதான் இருக்கிறேன் என்றார். அது உண்மையில்லை. அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

4. விளையாட்டுப் பொருள் அறையில் பதிவு செய்தோம். எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரோரம் பாய்களை நிறுத்தினோம். இரைச்சல் பதிவாகும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தோம். உள்ளங்கை திரையில் பட்டால் வேண்டாத கோடு விழும். அதற்காகப் பழைய கையுறை ஒன்றில் இரண்டு விரல்களை வெட்டிவிட்டு மாட்டிக்கொண்டேன். முதல் ஐந்து காணொளிகளில் பெல் அக்கா செய்தி வாசிப்பவரைப்போல் வாசித்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஆறாவதில் அவர் தாளைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், இது எனக்கே புரியலையே, நான் எப்படி அதுங்களுக்குச் சொல்றது?" என்று கேட்டார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பேச முடியாததால் பதிலை நான் திரையிலேயே எழுதினேன். அவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி எழுதினேன். அந்தக் காணொளியை அழிக்க மனமில்லாமல் வகுப்பில் போட்டேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். அவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையெல்லாம் பெல் அக்கா கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தாள் எழுதுவதை நிறுத்தினேன்.

5. ஐயா அவர்கள், தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட பிரதிகளில் பத்தொன்பதாம் காணொளியைத் தயவுசெய்து பார்க்க வேண்டும். கடன் வாங்கிக் கழித்தல் பாடம் அது. 402இலிருந்து 157ஐக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது, பக்கத்துப் பத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும். அங்கே பூஜ்யம். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் விழுவார்கள். பெல் அக்கா கேட்கிறார்: "அந்த வீட்டுலயே ஒண்ணும் இல்ல டீச்சர். இல்லாத வீட்டுல போய்க் கடன் கேட்டா அவங்க எங்கேருந்து தருவாங்க?" நான் நூறு வீட்டுக்கு அம்புக்குறி போடுகிறேன். அவர் தானே சொல்கிறார்: "ஓ, இவங்க அடுத்த வீட்டுல வாங்கி, அதுல ஒண்ணை மட்டும் இந்த வீட்டுக்குக் கொடுத்துட்டு, மிச்சம் ஒன்பதை வச்சிக்கிறாங்களா. விவரமானவங்கதான்." விடை 245. அதற்கு முன் இத்தகைய கணக்கை என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் சரியாகப் போட்டார்கள். இப்போது முப்பத்தொரு பேர் போடுகிறார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் தொண்டை கிழியக் கத்தி நான் காணாத எண்ணிக்கை இது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

6. பள்ளிகள் தயாரித்த காணொளிகளை அனுப்புமாறு தங்கள் அலுவலகம் கேட்டபோது, தலைமையாசிரியர் எங்கள் நாற்பத்தேழையும் தமது வழிகாட்டுதலில் உருவானவை என்ற குறிப்போடு அனுப்பினார். தரச் சரிபார்ப்புக் குழு திருப்பி அனுப்பிய குறைத்தாளில் உள்ளவற்றை அப்படியே எழுதுகிறேன்.

அ. பாடத்தின் நடுவே மணி ஒலிக்கிறது. (ஒலிக்கிறது. பெல் அக்கா ஓடிப்போய் அடித்துவிட்டு வருகிறார். அவர் அடிக்காவிட்டால் பள்ளி அடுத்த பாடவேளைக்கு நகராது.)

ஆ. காணொளி 33இல் பணியாளர் ஆசிரியரைத் திருத்துகிறார். இது பணி ஒழுங்குக்கு முரண். (வேறொரு கழித்தல் கணக்கில், நூறு வீட்டில் ஐந்தை நான்காக மாற்ற மறந்துவிட்டேன். "அவங்க ஒண்ணைக் கொடுத்துட்டாங்களே டீச்சர், இன்னும் அஞ்சாவே இருக்கே" என்றார். சிவப்பில் அடித்துத் திருத்தினேன். தவறு என்னுடையது. பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொன்ன காணொளியும் அதுதான்.)

இ. குரல் கொடுப்பவர் கல்வித் தகுதி அற்றவர்.

ஈ. காணொளி 19இல் ஆசிரியரும் பணியாளரும் பாடத்தை விட்டுவிட்டு, அண்டை வீட்டாரிடம் கடன் வாங்குவது குறித்த தனிப்பட்ட விவகாரத்தைப் பேசிக்கொள்கின்றனர்.

ஈ-க்கு நான் விளக்கம் எழுதவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை எவரேனும் விளக்கிவிடும். முதலில் படித்தபோது சிரித்தேன். சத்தம் வராமல் சிரிக்க இந்த ஆறு மாதத்தில் பழகிவிட்டேன். அந்த வரியைக் காரணம் காட்டி விசாரணை வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

7. விசாரணைக்கு வந்த அதிகாரி, வாய்மொழியாக மட்டுமே விளக்கம் அளிக்க வேண்டும், எழுதிக் கொடுப்பது பிறகு மாற்றிச் சொல்ல இடம் தரும் என்றார். மருத்துவச் சான்றிதழை நீட்டினேன். அது வேறு பிரிவுக்குரியது என்றார். டேப்பை எடுத்து எழுதத் தொடங்கினேன். சர்ச்சைக்குரிய பொருள் என்று அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். கரடியாய்க் கத்தினேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசைதான். கத்த என்னிடம் தொண்டை இல்லை. விசாரணைக் குறிப்பில் இவ்வாறு பதிவாகியுள்ளது: "ஆசிரியை அனைத்துக் கேள்விகளுக்கும் மௌனம் சாதித்தார். மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது."

பெல் அக்காவைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்திருந்தார்கள். அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று. அது கேள்வியில்லை என்பது அவருக்குத் தெரியும்.

8. காணொளிகள் டேப்பிலிருந்து நீக்கப்பட்டன. டேப் பீரோவுக்குத் திரும்பியது. எனக்கு எச்சரிக்கை. பெல் அக்காவுக்கு மாத இறுதியோடு வேலை இல்லை. எய்தவள் நானிருக்க அம்பை நோவானேன் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. மேலே யாருக்கோ பயப்படுகிறார். பெல் அக்கா மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஆணையைக் கிழித்துவிடலாம் என்று வாசகத்தை அவரே எழுதியும் கொடுத்தார்: "கணக்குத் தெரியாமல் குரல் கொடுத்துவிட்டேன். இனிச் செய்யமாட்டேன். மன்னிக்கவும்."

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். பெல் அக்கா அந்தக் கடிதத்தைத் தம் கையால் அழகாகப் படியெடுத்தார். மணி அடித்தது தவறு என்றால் அதற்கும், என்னைத் திருத்தியது தவறு என்றால் அதற்கும் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரிகளைத் தாமாகவே சேர்த்தார். ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை. "எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கறேன் டீச்சர். தெரியாமன்னு மட்டும் எழுத மாட்டேன். எனக்குத்தான் இப்போ தெரியுமே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, ஐயா. இரண்டு மனு, ஒரு விசாரணை, எத்தனை அலைச்சல். ஒரு சொல்தானே, எழுதித் தொலையுங்கள் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்தார். அழிப்பானை எடுத்துத் துடைத்துவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். அப்படி எழுதியதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன் சொல்லிக் கற்றுக்கொண்டவரிடம், தெரிந்த பிறகும் தெரியாது என்று எழுதச் சொன்ன ஆசிரியை நான்.

9. எனவே நான் வேண்டுவது அதிகமில்லை. காணொளிகளைத் திரும்ப ஏற்றாவிட்டால் போகட்டும். எச்சரிக்கை என் பணிப்பதிவேட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். தலைமையாசிரியரின் வழிகாட்டுதல் என்ற குறிப்பும் இருக்கட்டும். பெல் அக்காவின் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். "கணக்கு" என்ற சொல்லுக்கும் "குரல்" என்ற சொல்லுக்கும் நடுவே அவர் விட்டிருக்கும் இடம் கைமறதி அல்ல. அந்த இடத்தோடேயே கடிதத்தை ஏற்று, விடுவிப்பு ஆணையை மாத இறுதிக்குள் ரத்துசெய்து, அவரைப் பணியில் தொடரச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த இடத்தில் வேறொருவர் பேனா எடுத்து எதையும் நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன். அந்தச் சொல்லை அவர் எழுதப்போவதில்லை. எழுதச் சொல்லி நானும் இனி அவரைக் கேட்கமாட்டேன்.

இடம்: நான்காம் வகுப்பு அறை
நாள்: 19, வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
நான்காம் வகுப்பு ஆசிரியை

இணைப்பு: 1. தொண்டை மருத்துவரின் சான்றிதழ். 2. குறைத்தாள், விசாரணைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள். 3. பணியாளரின் மன்னிப்புக் கடிதம், அசல், ஒரு தாள்.