பல் பதிந்த பறி

அண்ணி,

நேற்று நீ இறால் போடும் ஓலைப்பறி அடுப்புக்குப் போக இருந்தது. அண்ணன் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறானே, அவள்தான் அதைத் தரையில் போட்டு மிதிக்கப் போனாள். "எலி கடிச்ச பறி. விளிம்பெல்லாம் பொத்தல். இத்த வச்சினு இன்னா செய்யறது?" என்றாள். ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். பனையோலையில் சேறும் உப்பும் இன்னும் நாறியது. எலியாம் எலி! விளிம்பில் ஒரு பக்கம் இருப்பது உன் பல். அதை ஒட்டினாற்போல் இருப்பது நாயின் பல். இதை அவளிடம் சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

ஆமாம், கட்டிக்கொண்டான். நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழியவில்லை, அதற்குள். கோபப்படாதே. கோபப்பட்டாலும் எனக்கென்ன, நீதான் என்னோடு பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டாயே. உனக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்த ஓலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று சின்ன வயதில் போய்க் கற்ற நாலு எழுத்து. அது இப்படி உதவும் என்று யார் கண்டார்கள்?

நாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வேறு எதைப் பற்றி நமக்குள் பேச்சு பாக்கி இருக்கிறது?

கோட்டை வாசலில் காவல் நின்ற ஒல்லாந்துக்காரன் ஒருவன் இருந்தான், சிவப்பு மீசை. குட்டியாக இருந்த ஊர் நாயைப் பிடித்துக்கொண்டு போய், நம் ஆட்களைக் கண்டால் பாய்ந்து குதற வேண்டும் என்று அடித்தே வளர்த்தான். பட்டினி போட்டான், சாராயம் ஏறிய நாட்களில் பிரம்பு முறியும்வரை அடித்தான். அது யார்மேலும் பாயவில்லை. மனிதக் குரல் கேட்டாலே நின்ற இடத்தில் மூத்திரம் போகும் பிராணியாக ஆனது. உதவாத நாய் என்று ஒரு நாள் அதை, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம், படகு கட்டும் கழியில் குட்டையாகக் கட்டிவிட்டுப் போனான். கடல்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். நாம் இரண்டு பேரும் தலையில் நண்டுக்கூடையோடு வந்துகொண்டிருந்தோம். தண்ணீருக்கு மேலே மூக்கு மட்டும் தெரிந்தது. நீ உன் கூடையை என் கூடைமேலேயே வைத்துவிட்டுக் குதித்தாய்.

"அண்ணி, கோட்டை நாய் அது! நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்று கத்தினேன். ஞாபகம் இருக்கிறதா? முதல் நாளே சொன்னவள் நான்.

அது உன் முழங்கையைக் கடித்துவிட்டு ஓடி ஏரி நடுவே மணல்திட்டில் ஒளிந்தது. நீ காயத்தில் மஞ்சளைப் பூசிக்கொண்டு சிரித்தாய். "கடிக்கத் தெரியுது பாரு. இன்னும் சாவல" என்றாய்.

பிறகு ஆரம்பித்தது உன் பைத்தியக்காரத்தனம். சோற்றுருண்டையைத் திட்டில் வைத்துவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்து "வா, வா, கண்ணு" என்று கொஞ்சினாய். நீ பேசப் பேச அது புதருக்குள் போனது. இப்படியே ஒரு மாதம். சோற்றைக் காக்கை தின்றது. அண்ணன் இரண்டு நாள் உன்னை ஏசினான்.

உனக்கு வழி தெரிந்தது வேலை செய்யும்போதுதான். வலை வாங்க வக்கில்லாத நமக்குக் கைதானே வலை? முழங்கால் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையையும் சேற்றில் விட்டு இறால் தடவிக்கொண்டே போகிறோம். பறியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிடுகிறோம். குப்பத்திலேயே பெரிய வாயாடி நீ. நீ ஏரியில் இறங்கினால்தான் ஊருக்கு அமைதி என்று அண்ணன் கேலி பண்ணுவான். ஒரு நாள் அந்தத் திட்டை ஒட்டி நாம் தடவிக்கொண்டிருந்தபோது நாய் புதரைவிட்டு வெளியே வந்து கரையில் உட்கார்ந்தது. நம்மையே பார்த்தது. நான் முதுகு வலிக்கிறதே என்று நிமிர்ந்தேன். ஒரே ஓட்டம்.

கரையேறியதும் என் முதுகில் அறைந்தாய். "நிமுந்து நிக்காத. நிமுந்தா மனுஷன்னு தெரிஞ்சிடுது அதுக்கு."

அவ்வளவுதான் அண்ணி. அதன் கணக்கில் மனிதன் என்றால் நிமிர்ந்து நிற்பவன், கையில் ஏதாவது வைத்திருப்பவன், வாயைத் திறந்து கத்துபவன். குனிந்து, கையைச் சேற்றுக்குள் ஒளித்து, வாயில் பறியோடு நகர்ந்த நம்மை அது என்னவென்று நினைத்ததோ! அன்றிலிருந்து நீ தினமும் திட்டுப் பக்கமே போனாய். இறால் அங்கே குறைவு என்றால் காதில் வாங்கவில்லை. நாய்க்கு முதுகைக் காட்டியபடியே பின்னால் பின்னால் நகர்வாய். வேலை முடிந்ததும் சேறு போகக் கையைத் தண்ணீரில் இரண்டு தட்டு தட்டிக் கழுவிவிட்டு, நசுங்கிய இறாலைப் பின்பக்கமாக மிதக்கவிடுவாய். ஐந்தாறு மாதம் போனது. இரண்டு தட்டு சத்தம் கேட்டால் அது தண்ணீரில் இறங்கி வரத் தொடங்கியது. பெயர் வைக்கலாமா என்று கேட்டேன். "பேர் வச்சா கூப்புடணும். கூப்புட்டா பயப்புடும். தட்டினா போதும்" என்றாய்.

அது முதன்முதலில் உன் விலாவில் மூக்கை வைத்த அன்று, நீ குனிந்தபடியே அழுதாய். பறி வாயில் இருந்ததால் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்தது, அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. அடுத்த கோடையில் அது உன் வாயிலிருந்து பறியை வாங்கித் தானே கவ்விக்கொண்டு கரைக்கு நடந்தது. என் கையையும் நக்கும். நான் தட்டினாலும் வரும்.

சந்தைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே என்று நான் கெஞ்சியதை ஒத்துக்கொள். நீதான் கேட்கவில்லை. கோட்டை வாசல் வழியாக, நாய் பறியைக் கவ்விக்கொண்டு பின்னால் வர, மகாராணி மாதிரி நடந்தாய். மற்ற காவல்காரர்கள் மீசைக்காரனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன்னால் முடியாததை ஒரு செம்படவச்சி செய்துவிட்டாள் பார் என்று அவர்கள் பாஷையில் சொல்லியிருப்பார்கள். அவன் முகம் நண்டு வெந்த மாதிரி சிவந்தது. நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் உனக்குக் கவலை இல்லை, நீ அப்படித்தான்.

நீ தங்கையின் பிரசவத்துக்கு என்று சுண்ணாம்புக்குளம் போன வாரத்தில் அது நடந்தது. நண்டு விற்கப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. மதியம் பக்கத்து வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உங்க அண்ணன கோட்டையில புடிச்சி வச்சிட்டாங்கடி. நாயக் கொண்டாந்து வுட்டாதான் ஆள வுடுவானாம் அந்த மீசக்காரன்."

அன்றைக்குக் கடலில் கப்பல் நின்றது. அதை நீ ஒரு நாளும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்ச காலத்தில் எத்தனை பேரை அந்தக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போய், எந்தத் தீவுக்கோ அடிமையாக ஏற்றி அனுப்பினார்கள்! ஒருத்தராவது திரும்பினார்களா? என் புருஷனை ஏற்கெனவே கடல் கொண்டுபோயிருந்தது. அண்ணனும் போனால் நான் யார் வாசலில் நிற்பேன்? உன்னை அழைத்துவர ஆள் அனுப்பினால் நீ வந்து சேரப் பொழுது சாயும்; அதற்குள் படகு கப்பலுக்குப் போய்விடும் என்றே மனம் அடித்துக்கொண்டது.

ஏரியில் இறங்கினேன். குனிந்தேன். இரண்டு தட்டு தட்டினேன்.

வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, அண்ணி. கழுத்தில் கயிற்றைப் போட்டேன், தலையைக் கொடுத்தது. கோட்டை வாசல்வரை என் முழங்காலை உரசிக்கொண்டே நடந்தது. மீசைக்காரன் பிரம்போடு வந்து கயிற்றை வாங்கினபோது அது அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் வெற்றிலை மென்றுகொண்டே வெளியே வந்தான். வாசல் நிழலில் உட்கார வைத்திருந்தார்களாம். "இன்னாத்துக்கு இவ்ளோ பதறின? சாயங்காலம் பெரிய தொரை வந்தா தானே வுட்டிருப்பான். இவனுக்கு ஆளப் புடிக்க இன்னா அதிகாரம்?" என்றான்.

மறுநாள் நீ வந்தாய். திட்டுப் பக்கம் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு நேராக என் எதிரில் வந்து நின்றாய்.

"கயிறு போட்டது யாரு?"

"நான்தான்."

"இழுத்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். முரண்டு பிடித்தது, கடித்தது, நாலு பேர் சேர்ந்து இழுத்தோம் என்று சொல்லியிருந்தால் நீ என்னை அடித்துவிட்டு, பிறகு ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே பேசியிருப்பாய். "இல்ல அண்ணி. கூடவே வந்துச்சி" என்றேன். நீ உள்ளே போனாய். அண்ணனுக்குச் சோறு வடித்தாய். அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் புருஷனுக்காகத்தானே செய்தேன் என்று எத்தனை நாள் வாய்வரை வந்தது! உன் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

அந்தக் கப்பல் போய் வேறொரு கப்பல் வந்தபோது மீசைக்காரன் அதில் ஏறிப் போனான். நாயை வாசலில் அவிழ்த்துவிட்டுப் போனான். பின்னங்கால் ஒன்று திரும்பியிருந்தது. அது நொண்டிக்கொண்டு ஏரிக்கரைக்குத்தான் வந்தது. நீ வாயில் பறியோடு குனிந்திருந்தாய். அதைக் கண்டதும் பறி நழுவியதுகூடத் தெரியாமல் கையால் இரண்டு தட்டு தட்டினாய்.

அது வீறிட்டுக்கொண்டு ஓடியது. நின்ற இடத்தில் மூத்திரம்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்கு நீ என்னைக் கொன்றுபோட்டிருக்கலாம். நீ செய்ததையெல்லாம் நான் கெடுத்தேன். உன் கையையும் அதற்குப் பயமாக்கிவிட்டேன். மீசைக்காரன் பிரம்பால் அடித்தான், நான் உன் சத்தத்தை எடுத்து அடித்தேன்.

நீ முதலிலிருந்து ஆரம்பித்தாய். தட்டாமல், திரும்பாமல், முதுகு மட்டும். இரண்டு வருஷம். அது ஒரு பாய் நீளம்வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அதற்குள் உனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கிடையில் கிடந்தபோது என்னோடு பேசியது ஒரே தடவை. தண்ணீர் கொடுக்க வந்தேன். என் கையைப் பிடித்தாய். மன்னிக்கப் போகிறாய் என்று நினைத்தேன், முட்டாள். "தண்ணியத் தட்டாத. இன்னா?" என்றாய். நான் தலையாட்டினேன். அன்று இருட்டுவதற்குள் போய்விட்டாய்.

தட்டவில்லை அண்ணி. இன்றுவரை சேற்றுக்கையைச் சேலையில்தான் துடைக்கிறேன். புதுசாக வந்தவள் அழுக்குப் பிடித்தவள் என்கிறாள், சொல்லட்டும். நீ போன மூன்றாம் நாளிலிருந்து திட்டுப் பக்கம்தான் தடவுகிறேன். நாய் கிழடாகிவிட்டது. என்னைக் கண்டால் எழுந்து இன்னும் தூரமாகப் போய் உட்காரும். என் பறி வேறு, என் வாடை வேறு, நான் செய்தது வேறு.

இன்று காலை உன் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். உன் பல் தடத்தில் என் பல் சரியாக உட்காரவில்லை, தாடை வலித்தது. நாலு நல்ல இறால் கையில் மாட்டியது. பின்னால் தண்ணீர் சலசலத்தது. நான் அசையவில்லை. நொண்டிக் காலின் அந்தத் தட்டுத் தடுமாற்றம் எனக்குத் தெரியாதா? மூச்சு என் காதோரம் வந்தது. அவ்வளவு கிட்டத்தில், எத்தனை வருஷத்துக்குப் பிறகு! என்னை முகரவில்லை. பறியைக் கவ்வி என் வாயிலிருந்து உருவிக்கொண்டு கரைக்குப் போனது. திட்டின்மேல் போட்டு, அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் ஓரடி வைத்தேன், உறுமியது.

திருப்பிக் கேட்கவில்லை. உன்னுடையது, அதனுடையது, எனக்கு அதில் பங்கு இல்லை. கையில் இறாலோடு எவ்வளவு நேரம் குனிந்தே இருந்தேன் என்று தெரியாது. போட இடமில்லாமல் மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். இன்னும் அவிழ்க்கவில்லை. எழுதுவதற்குக் குனியும்போதெல்லாம் இறாலின் கொம்பு வயிற்றில் குத்துகிறது.