அகழியில் கரைத்த வெல்லம்

விரலெல்லாம் வெல்லம். பேனாவைப் பிடித்தால் ஒட்டுகிறது, காகிதத்தைத் தொட்டாலும் ஒட்டுகிறது. கழுவிவிட்டு வந்து எழுதலாம்தான். கழுவினால் வாசனை போய்விடும், வாசனை போனால் உன்னிடம் பேசுகிற துணிச்சலும் போய்விடும். இருக்கட்டும். எழுதி முடித்ததும் இதை முதலில் படிக்கப்போவது எறும்புதான். அதற்காவது என் பேச்சு இனிக்கட்டும். அத்தைக்கு இதுவரை இனித்ததே இல்லை.

இன்று பங்குனி அமாவாசை, அம்மா. நைனா, அத்தை, நான் மூன்று பேரும் திருவள்ளூர் பெருமாள் குளத்துக்குப் போய் வந்தோம். நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. சித்திரையில் உனக்குப் படையல். அதற்கு முன்னால் நான் அந்தக் குளத்தில் என் கையால் வெல்லம் கரைத்து, ‘தப்பு பண்ணிட்டேன்’ என்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். சொன்னால் உன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றலாம். சொல்லாவிட்டால் படையலன்று வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. இது அத்தையின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

என்ன தப்பு என்று உனக்குத் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து செய்தது. ஒரு குற்றவாளி தப்பித்துப் போய்விட்டாள், மாட்டிக்கொண்டவள் நான்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வால்வு சரியில்லை, நடக்கக் கூடாது, குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து நாலு வருஷம் உன் உலகம் கட்டிலில் தொடங்கிக் கொல்லையில் முடிந்தது. யாரும் உன்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதுதான் கொடுமை. எழுந்தால் “படு” என்பார்கள், படுத்தால் “பொரளாத” என்பார்கள். தண்ணீர் சொம்பு உன்னைத் தேடி வரும், தட்டு உன்னைத் தேடி வரும். நீ தேடிப் போக மட்டும் எதுவும் கிடையாது. நீ அந்த வீட்டை அடி அடியாய் எண்ணி வைத்திருந்தாய். கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினான்கு. வாசலுக்குப் பத்தொன்பது. கொல்லைக் கதவுக்கு இருபத்தாறு.

“இந்த ஊட்ல நான் எண்ணாத அடி ஒண்ணுதான் வாலு,” என்பாய். “உங்கத்த உனுக்குக் குடுக்கறது.”

அந்த அடிகளுக்கும், நீ எனக்கு வைத்த ‘வாலு’ என்ற பெயருக்கும் நான் தகுதியானவள்தான். வாத்தியார் நாற்காலியில் நாயுருவி வைத்தவள், அத்தையின் சுண்ணாம்பு டப்பியில் அரிசி மாவை அடைத்தவள். ஆனால் என் புரட்டுகளிலேயே பெரியது உன்னிடம் சொன்னதுதான். நாலாம் பாரம் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எங்களைப் பழவேற்காட்டுக் கோட்டைக்கு இட்டுப் போனார்கள். ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர்கள், அங்கே கோட்டை கட்டினார்கள், அப்புறம் கோட்டை விட்டார்கள். மிச்சம் ஒரு மண்மேடு, சுற்றிலும் அகழி, மேலே புதர்க்காடு. செங்கல்லைத் தேடினால் ஓணான் கிடைக்கும். நாள் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற உன்னிடம் வந்து ‘ஓணான் பார்த்தேன்’ என்றா சொல்வது? அவர்கள் விட்ட கோட்டையை நான் கட்டினேன். தர்பார் மண்டபம் வைத்தேன். பீரங்கி வைத்தேன். ராணி முகம் பார்க்க ஆள் உயரக் கண்ணாடி வைத்தேன். நீ வாய் பிளந்து கேட்டாய். ஒரு வாரம் கழித்து என் சரித்திரப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாய்:

“வாலு, எனுக்கு அந்தக் கோட்டையப் பாக்கணும்டி.”

பொய் சொல்லத் தெரிந்தவளுக்கு அதை வாபஸ் வாங்கத் தெரியவில்லை.

வழி காட்டியவள் அத்தையேதான். தை அமாவாசைக்குத் திருவள்ளூர் குளத்தில் வெல்லம் கரைத்தால், வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்றாள். நோயாளி கையாலேயே கரைக்க வேண்டும் என்றாள். தை அறுப்பு நடக்கிறது, நைனாவால் களத்தை விட்டு வர முடியாது. அறுப்பாட்களுக்குச் சமைக்கிற அத்தையாலும் முடியாது. “ரயில்ல உக்காந்துக்கினுதானே போறா, வாலு கூடப் போட்டும்,” என்று முடிவானது. நைனா கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நம்மைப் பெண்கள் பெட்டியில் ஏற்றி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறணும், மாறணும் என்று நாலு தடவை சொன்னார். நாம் நாலு தடவையும் தலையாட்டினோம். என் பையில் அரை வீசை வெல்லம், அதற்கடியில் என் டிரில் கேன்வாஸ் ஷூ.

பொன்னேரியில் இறங்கினோம்.

“திருவள்ளூர் டிக்கெட்ட வெச்சுக்கினு இங்க எறங்கினா இன்னா அர்த்தம்?” என்றார் டிக்கெட் கலெக்டர்.

“திருவள்ளூர் எங்கியும் ஓடிடாது சார்,” என்றேன்.

நீ நெஞ்சில் கை வைத்து, “எனுக்குக் காத்து வேணும்ப்பா,” என்றாய். அன்றைக்கு நாம் பேசியதிலேயே சுத்தமான உண்மை அதுதான். மனுஷர் பதறிப்போய் வழி விட்டார்.

பழவேற்காட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு. முன் வரிசையில் மீன் கூடைக்காரிகள், பின் வரிசையில் ஆடு. நீ ஆட்டைக்கூட நாலு வருஷமாகப் பார்க்காதவள் போல் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். இறங்கின இடத்தில், நைனாவிடம் நெல் வாங்குகிற பாய் நின்றிருந்தார். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“இன்னா தங்கச்சி, ஒடம்பு முடியலேன்னாங்க, இம்மாந் தொலைவு வந்துகீறே?”

“கோட்டையச் சுத்தலாம்னு வந்தேண்ணே.”

“வண்டி கட்டச் சொல்லட்டா?”

“வண்டியில ஏத்திக்கினு போறவங்க ஊட்லயே நெறைய பேரு கீறாங்கண்ணே. நான் நடக்கறேன்.”

அகழிக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் ஷூவை உனக்கு மாட்டிவிட்டேன். ஒரே அளவு. பச்சைப் புடவைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ். நீ காலை நீட்டி நீட்டிப் பார்த்து, “டிரில் மாஸ்டரு மாரி கீறேனா?” என்றாய். பிறகு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாய். “சரி, தர்பார் மண்டபம் எங்கடி?”

சப்பாத்திக்கள்ளிப் புதரைக் காட்டினேன்.

“பீரங்கி?”

சாய்ந்து கிடந்த பனைமரத்தைக் காட்டினேன்.

“ராணியோட கண்ணாடி?”

அழுகை வந்துவிட்டது எனக்கு. அகழித் தண்ணீரைக் காட்டினேன். நீ மெதுவாகக் குனிந்து — குனியக் கூடாத நீ — அதில் முகம் பார்த்தாய். “ராணி கொஞ்சம் எளைச்சிட்டா. மத்தபடி நல்லாத்தான் கீறா,” என்றாய்.

“அம்மா, நான் சொன்னதெல்லாம்...”

“தெரியும்டி. இடிஞ்சு மேடாயிடுச்சுன்னு உம் புஸ்தகத்துலயே போட்டுக்கீது. கோட்டையப் பாக்கவா வந்தேன்? நடக்க வந்தேன்.”

ஊரையே ஏமாற்றுகிறவளை ஒரே வரியில் ஏமாற்றினாய், அம்மா.

நடந்தோம். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் அகழி, மறுபக்கம் காடு. காரைமுள் புடவையைப் பிடித்து இழுக்கும், நீ நின்று பொறுமையாக எடுத்துவிடுவாய். ஒரு ஆலமரம் செங்கல் சுவரை வேரால் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. எந்தச் சுவர் எந்த வேர் என்று தெரியாது. நீ வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாய். பத்துக்கு ஒரு தரம் மூச்சு வாங்கி, நூறுக்கு ஒரு தரம் உட்கார்ந்து. மேட்டில் ஏறியபோது ஏரிப் பக்கமிருந்து பூநாரைகள் கூட்டமாகக் கிளம்பி நம் தலைக்கு மேலே போயின. நீ அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாய். பறவையெல்லாம் போனபின் என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

“வாலு! எண்ணிக்கை உட்டுப்போச்சுடி!”

எதையோ தொலைத்தவள் குரல் இல்லை அது. பரிசு விழுந்தவள் குரல்.

முக்கால் சுற்றில்தான் அது நடந்தது. உன் உதடு நீலமாயிற்று. நீ ஒரு கல்லில் சரிந்து உட்கார்ந்தாய். நான் பாயைக் கூப்பிட ஓடப் பார்த்தேன். நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாய்.

“யாரையும் கூப்டாத. கூப்ட்டா தூக்கிக்கினு போயிடுவாங்க. உக்காரு. இது எம் மூச்சு. நான் பாத்துக்கறேன்.”

உட்கார்ந்தேன். அத்தைக்குத் தெரியாத இடம் இதுதான், தெரிந்தால் இன்னும் நாலு அடி விழும். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டான்பூச்சி மூன்று முறை அதே நாணலில் வந்து உட்கார்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு பழைய நிறத்துக்கு வந்தபின், “வெல்லத்த எடு,” என்றாய்.

“அது சாமிக்கும்மா.”

பாதியை உடைத்து அகழியில் போட்டாய். “தண்ணி எல்லாம் ஒண்ணுதான். பெருமாளுக்கு வழி தெரியும், வந்து எடுத்துப்பாரு.” மீதியை நாம் தின்றோம். பிறகு நீ எழுந்து மிச்சமிருந்த கால் சுற்றையும் நடந்து, வேப்பமரத்தைத் தொட்டு நின்றாய். வீடு திரும்பியதும் அத்தை கேட்டாள். “கரைச்சாச்சு அண்ணி,” என்றாய். அதில் எந்த எழுத்து பொய்?

சித்திரையில் ஒரு மத்தியானம் நீ போனாய். துக்கத்துக்கு வந்த பாய், நல்ல மனுஷர், நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தை மாசம் எங்க ஊர்க் கோட்டைய ஒரு சுத்து நடந்தாங்களே தங்கச்சி. இன்னா தெம்பு!” என்று கண் கலங்கினார். வீட்டில் ஒப்பாரி நின்றுவிட்டது. அத்தை என் காதைத் திருகி, வெல்லம் போன இடம் வரைக்கும் கேட்டு வாங்கினாள். அன்றிலிருந்து நான் அம்மாவை நடக்க வைத்துக் கொன்றவள், பெருமாளின் வெல்லத்தைத் திருடித் தின்றவள்.

யோசிக்காமல் இல்லை, அம்மா. அன்று நடக்காமலிருந்தால் இன்னும் ஆறு மாதம் இருந்திருப்பாயோ என்று யோசித்தேன். இருந்திருக்கலாம். இருபத்தாறு அடிக்குள் இருந்திருப்பாய். அதோடு ஒரு விஷயம் யாருக்கும் தோன்றவில்லை. நீ நடக்கும்போது சாகவில்லை. டாக்டர் சொன்னபடி, அத்தை சொன்னபடி, அசையாமல் படுத்திருக்கும்போதுதான் செத்தாய். அப்படியானால் கட்டிலை அல்லவா குளத்தில் கரைக்க வேண்டும்?

இன்று குளத்துப் படியில் நல்ல கூட்டம். அத்தை வெல்லத்தை என் கையில் திணித்தாள். “சொல்லுடி. மூணு வாட்டி. சத்தமா.”

வெல்லத்தைத் தண்ணீருக்குள் பிடித்தேன். அது விரலிடுக்கில் கரைந்து வழிந்தது. ‘தப்பு’ என்று வாயைத் திறக்கத்தான் பார்த்தேன். விளக்கேற்ற எனக்கு ஆசை இல்லையா? ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் பூநாரையும் தப்பு, கேன்வாஸ் ஷூவும் தப்பு, நீ சிரித்ததும் தப்பு. நாலு வருஷத்தில் உனக்கென்று இருந்த ஒரே நாளை நானே அழித்தவளாவேன்.

“எங்கம்மா நடந்துச்சு,” என்றேன் சத்தமாக. “எங்கம்மா நடந்துச்சு. எங்கம்மா நடந்துச்சு.”

பக்கத்துப் படியில் வேண்டுதலுக்கு உப்பும் மிளகும் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையைத் தலைக்கு மேல் குவித்தாள். “நடந்துட்டாங்களா! எத்தினி வருசமா படுத்த படுக்கை, கண்ணு?”

“நாலு வருசம்.”

“பெருமாளே! எல்லாம் அவரு செயலு.”

நான் மறுக்கவில்லை. பெருமாளும் மறுக்கவில்லை. அத்தையின் முகம்தான் வெந்த மிளகாய் மாதிரி ஆனது. “திமிரு பாரு, திமிரு! வெளக்கு கெடையாதுடி உனுக்கு.”

“சரி அத்த.”

திரும்பும்போது அத்தை ரயிலில் தூங்கிவிட்டாள். பொன்னேரியில் வண்டி நின்றது. நைனா பிளாட்பாரத்தைப் பார்த்தபடி கேட்டார்: “இங்கதான் எறங்கினீங்களா?”

“ஆமா நைனா.”

வண்டி கிளம்பியது. நைனா மறுபடியும் கேட்டார்: “எத்தினி அடி இருக்கும்? அவ எண்ணியிருப்பாளே.”

“எண்ணிக்கை உட்டுப்போச்சுன்னு சொல்லுச்சு நைனா.”

கவரப்பேட்டை வரைக்கும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கேட்டதற்குக் கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது என்றார். புகை எதிர்ப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது; ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன். நானும் சில சமயம் நல்ல பெண்தான்.

படையலன்று உனக்கு வடை உண்டு, பாயசம் உண்டு, புதுப் புடவை உண்டு. என் விளக்கு மட்டும் இருக்காது. காலை பாசஞ்சர் இருக்கிறது, பொன்னேரியில் பஸ் இருக்கிறது. குளத்தில் கரைக்காமல் என் பாவாடையில் முடிந்துகொண்டு வந்த வெல்லத் துண்டு ஒன்று இருக்கிறது. ஷூவின் உட்பக்கம் உன் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருக்கிறது, என் விரல் அதில் சரியாகப் போய் உட்காருகிறது. வேப்பமரத்தடியில் ஆரம்பித்து ஒரு முழுச் சுற்று நடப்பேன்.

எண்ண மாட்டேன்.