சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் விழுந்த அடி

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் அன்பு என்று எழுதியது பொய்யில்லை.

குருநகரில் எங்கள் வீட்டில், சமைக்கிற குசினிக் கதவில், சவுக்குப் போல ஒரு காய்ந்த திருக்கை மீன்வால் தொங்கும். கோப்பையில் சோறு மிஞ்சினால் அது இறங்கும், முதுகுத் தோல் உரியும். முற்றத்தில் நான் ஓடி விளையாடினாலும் இறங்கும். "பொம்பிளைப் பிள்ளை துள்ளித் திரியிறதோ?" என்பீர்கள்.

தம்பி அன்ரனுக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சலில், சாப்பிட்டதைக் கோப்பையிலேயே சத்தி எடுத்தான். "தின்னடா! பங்கருக்குள்ளை ஒரு பிடி சோறில்லாமல் கிடந்தனாங்கள்!" என்று பிடரியில் பிடித்து அவன் முகத்தை அதற்குள் அழுத்தினீர்கள். மூக்கு உடைந்து சோறு சிவந்தது. அன்று முதல் நீங்கள் முகம் திருப்பும் நேரம் பார்த்து அவனுடைய மிச்சத்தையும் நானே விழுங்கப் பழகினேன். பசி எது, பயம் எது என்று என் வயிற்றுக்கு இன்றும் தெரியாது.

நீங்கள் யாருடைய பசியை அடித்தீர்கள், அப்பா? எங்களுடையதையா, ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்த உங்களுடையதையா?

என் மகள் றீனாவுக்கு இப்போது பதினொரு வயது. வயதுக்கு மிஞ்சிய நிறை, சோடாவைக் குறையுங்கள், ஓடியாட விடுங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடதாசி வந்தது. உங்கள் காலைத் தின்ற அந்த நீரிழிவு, சீனி வருத்தம்தான் என் கண்ணுக்குள் நின்றது. பிஸ்கற் அலுமாரியைப் பூட்டினேன். சோற்றை அளந்து போட்டேன். விடிய எழுப்பி, பின்னால் நின்று கத்திக் கத்தி அவளை ஓட வைத்தேன்.

ஒரு மத்தியானம், முற்றத்து மீன்வலைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பால்மாவை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என் கையில் அகப்பை இருந்தது. அடித்தேன். தோளில், முதுகில், அவள் திரும்பியபோது வாயில். அகப்பைக் காம்பு முறிந்தது. உதடு பிளந்து, பால்மாவோடு இரத்தம் வழிந்தது. அவள் உடனே அழவில்லை. வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள். பிறகுதான் அழுதாள்.

நானும் அப்படித்தானே விழுங்கினேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். எப்படிக் காயம் வந்தது என்று மருந்து கட்டிய தாதி மிஸி கேட்டா. "விழுந்திட்டன்," என்றாள் றீனா.

"இல்லை மிஸி, நான்தான் அடிச்சனான்," என்றேன்.

"தாயெண்டு சொல்ல வெக்கமாயில்லையோ?" மிஸியின் குரலுக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னை இருத்தி வைத்துக் கதைத்தா. "என்ன சமைக்கிறது எண்டதை நீங்கள் பாருங்கோ. எவ்வளவு சாப்பிடுறது எண்டதை அவள் பாக்கட்டும். அடிச்சு ஒரு பிள்ளையின்ரை வயிறையும் திருத்த ஏலாது."

ஆஸ்பத்திரியிலிருந்து அறிவித்ததால், இப்போது சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் மாதாமாதம் வீட்டுக்கு வந்து, என்னை வெளியே நிறுத்திவிட்டு அவளோடு கதைக்கிறார். வரத்தான் வேண்டும். நான் இன்னொரு தரம் கை ஓங்கினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று அன்ரனிடமும் சொல்லிவிட்டேன். "ஓம் அக்கா, கட்டாயம் கூட்டிக்கொண்டு போவன்," என்றான். அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் இப்போது யாருமே சோடா குடிப்பதில்லை. அலுமாரிக்குப் பூட்டில்லை. குரக்கன் புட்டோ மீனோ முருங்கையிலை வறையோ, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. முருங்கையிலை உருவுவது றீனா. பின்னேரங்களில் கடற்கரை வீதியால் இருவரும் சைக்கிள் ஓடுகிறோம். எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்குகிறது.

நேற்று அவள் பாதிப் புட்டை வைத்துவிட்டு, "எனக்குக் காணும் அம்மா, வயிறு நிறைஞ்சிட்டுது," என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"சரி குஞ்சு, எழும்பு," என்று கோப்பையை எடுத்தேன்.

அவள் என் கையைப் பார்க்காமல் எழும்புகிற நாள் எப்போது வருமோ தெரியாது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இந்தக் கை சோறு போடும், ஓங்காது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உங்களுக்குப் பயந்தும் உங்களை விரும்பியும் வளர்ந்த,
உங்கள் மூத்த மகள்