பிண்ணாக்கு மூட்டையின் அடிப்பக்கம்

நீடாமங்கலம்
கார்த்திகை 26

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நம் மாடு செவலையும் சௌக்கியம் என்று சேர்த்து எழுதத்தான் ஆசை, எழுத முடியவில்லை. போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று யோசிப்பாய். நாலு ஞாயிற்றுக்கிழமையாகப் போனில் சொல்லிவிடத்தான் பார்க்கிறேன், நீ “சாப்டீங்களாப்பா” என்று கேட்டதும் சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். காகிதம் திருப்பிக் கேள்வி கேட்காது, எழுதிவிடலாம். இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், படித்த கையோடு போன் செய்யாதே, ஒரு நாள் விட்டுச் செய்.

மழை மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்கிறது. சம்பா பச்சை கட்டி நிற்கிறது, ஆனால் வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது. உன் அண்ணன் இளஞ்செழியன் வாரா வாரம் பேசுகிறான், சென்னைக்கு வந்துடுங்கப்பா என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சில்லை. காலையில் ஒரு முறை உலை வைத்து அதையே மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், ரசம் மட்டும் உன் அம்மா வைத்தது போல் வரவில்லை, ரெண்டு வருஷமாக முயற்சி செய்கிறேன். அவள் போன பிறகு என் குரலை நானே கேட்பது செவலையிடம் பேசும்போதுதான். அதுவும் அவள் வளர்த்த மாடு, நான் பேசினால் பாதி நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு நாட்டுக்காரர்கள் சேர்ந்து மாட்டுத் தீவனத்தில் பூஞ்சை விஷம் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்கிறோம், டெல்டாவில் நாற்பது வீட்டிலிருந்து கடலைப் பிண்ணாக்கு எடுக்கிறோம், நம் வீடும் அதில் ஒன்று என்று புரட்டாசியில் சொன்னாயே, எப்படி எடுப்பது என்பதையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாய். மேலே, நடுவில், அடியில், ஓரத்தில் என்று பத்து இடத்தில் கையை விட்டு எடுத்துக் கலக்க வேண்டும், பொறுக்கக் கூடாது, புடைக்கக் கூடாது, காய வைக்கக் கூடாது. விஷம் மூட்டை முழுக்க இருக்காது, எங்கேயோ ஒரு கைப்பிடியில் உட்கார்ந்திருக்கும், நூறு கோடியில் ஒரு பங்கைக்கூடக் கண்டுபிடிக்கிற மிஷின் இருந்தாலும் அந்தக் கைப்பிடியைத் தவறவிட்டால் ஒன்றும் தெரியாது என்றாய். எல்லாம் காதில் நன்றாகத்தான் விழுந்தது. நான் என்ன செய்தேன் என்றால், மேலாக இருந்ததில் நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, முறத்தில் புடைத்து, ரெண்டு நாள் வெயிலில் காய வைத்து, புதுத் துணிப்பையில் போட்டு, பையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பஸ் ஏறித் தஞ்சாவூரில் உங்கள் ஆட்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அம்மாள், “என்ன சார், சீர்வரிசை மாதிரி கொண்டாந்திருக்கீங்க” என்று சிரித்தார்கள். பெண்ணுக்குப் போகிற பண்டத்தில் ஒரு சொத்தை போகக் கூடாது என்பாள் உன் அம்மா, உனக்கு உளுந்து அனுப்பினால் மணி மணியாகப் பொறுக்கித்தான் அனுப்புவாள். அந்தப் பழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது பாதிதான் உண்மை. மூட்டையின் அடியில் அன்றைக்கே நான் கையை விட்டுப் பார்த்துவிட்டேன் வானதி. சுவர் ஓரமாகத் தரையில் வைத்த மூன்று மூட்டை, ஓதம் ஏறி அடிப்பக்கம் கட்டி கட்டியாகப் பச்சை பூத்துக் கிடந்தது. பலகை போட்டு அதன் மேல்தான் மூட்டையை வைக்க வேண்டும், உன் அம்மா இருந்தவரை பலகை இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் நீ இளஞ்செழியனிடம், அப்பாவால மாட்டப் பாத்துக்க முடியலன்னா வித்துட்டு அவர கூட்டிட்டுப் போயிடுண்ணா என்று சொன்னாய். லீவில் இங்கே வந்திருந்தவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தது உனக்குத் தெரியாது, நான் பக்கத்தில்தான் இருந்தேன். அடிப்பிண்ணாக்கை அனுப்பினால் உனக்குத் தெரிந்துவிடும், செவலை போய்விடும் என்று பயந்துதான் மேல்பிண்ணாக்கை அனுப்பினேன். கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வெயிலில் போட்டு, காய்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாட்டுக்கே வைத்தேன்.

ஐப்பசியில் நீ போன் செய்து, “நாப்பது வீட்டுல நம்ம வீட்டுதுதாம்பா ரொம்ப சுத்தம்” என்றாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், சும்மா இருந்தேன். சும்மாவாவது இருந்தேனா, பின் தெரு தஹ்மீனாவிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். அவளை உனக்குத் தெரியாது, நாகூர்ப் பெண், புருஷன் மூஸா குவைத்தில் இருக்கிறான், ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. காலையில் அவளே தூக்குவாளியோடு பால் வாங்க வருவாள், குழந்தை செவலையின் வாலைப் பிடிக்க ஓடும், ஐந்து நிமிஷம் எதையாவது பேசிவிட்டுப் போவாள். எம்மவ வெளிநாட்டுல சோதிச்சுட்டா, தைரியமா குடும்மா என்று அவளிடம் சொன்னேன். அன்று முதல் அரை லிட்டரை முக்கால் ஆக்கினாள்.

இந்த மாசப் பிறப்பில் செவலை தீனி எடுக்கவில்லை, பாலும் பாதியாகிவிட்டது. கால்நடை டாக்டர் சாமிதுரை வந்தார். மாட்டைப் பார்த்துவிட்டு நேரே மூட்டையிடம் போய் அடியில் கையை விட்டார். பிண்ணாக்கால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த விஷம் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது, வெயிலில் காய வைத்தாலும் போகாது, இனிமேல் ஒருத்தருக்கும் பால் கொடுக்காதீர்கள் என்றார். அப்படியே பின் தெருவுக்கு, தஹ்மீனா வீட்டுக்குப் போனேன். சொன்னேன். “மாமா, தெரிஞ்சேவா குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். அடியில் பூத்திருந்தது தெரியும் என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறது, டாக்டரிடம் காட்டியிருக்கிறாள், ஆனால் குடித்த பாலில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது பாக்கெட் பால் வாங்குகிறாள், கடைத்தெருவில் என்னைக் கண்டால் அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

செவலை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் புல் கடிக்கிறது. கறக்கிற பாலைக் கொல்லையில் குழி வெட்டி ஊற்றி மூடுகிறேன். ஆறு மணி ஆனால் காது தானாக வாசல் பக்கம் போகிறது, யாரும் வருவதில்லை. என்னால் தனியாக இருக்க முடியவில்லை வானதி. இதை உன்னிடமோ உன் அண்ணனிடமோ சொல்லக் கூடாது என்று இருந்தேன். மாட்டை விற்பதென்றால் விற்றுவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

மூன்று மூட்டையிலும் நீ சொன்னபடி பத்துப் பத்து இடத்தில், டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டியும் தூசியுமாக எடுத்து நேற்றுத் தஞ்சாவூரில் கொடுத்துவிட்டேன். மீதியைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று. பழைய சோதனையில் நம் வீட்டு முடிவை அடித்துவிடு. ஏன் என்று உன் மேலதிகாரி கேட்டால் எங்கப்பா பொறுக்கி அனுப்பிவிட்டார் என்றே சொல், அதில் எனக்கு அவமானம் இல்லை, உன் வேலை கெட்டுப்போகக் கூடாது. காதில் குளிர் ஏறாமல் கட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ தீர்க்காயுசாக நன்றாக இருக்க வேண்டும் அம்மா, அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ரிசல்ட் வந்ததும் எனக்குச் சொல்லாதே, தஹ்மீனாவுக்குச் சொல், நம்பரைக் கடிதத்தின் பின்னால் எழுதி அதையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நல்லதோ கெட்டதோ நேரே அவளிடமே சொல். என்னிடம் சொன்னால் அதிலும் நல்லதைப் பொறுக்கித்தான் அவளிடம் கொண்டுபோவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தியாகேசன்