ஒன்பதாவது துளையில் கிடைத்த தங்கம்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். உன் இருமல் குறைந்ததா? முகாமில் ஈரத் தரையில் படுக்காதே என்று எத்தனை தடவைதான் சொல்வது!

பெரிய சுரங்கக்காரர்கள் நம்மைப் போன்ற சின்னக் கம்பெனியை எப்போதுதான் வாங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, அந்த நேரம் வந்தது. அவர்கள் சுரங்கத்தில் இன்னும் நாலைந்து வருஷத்துக்குத்தான் தங்கம் இருக்கிறதாம். பக்கத்து நிலம் நம்முடையது. தங்கம் தேடி நீ அதில் போட்ட ஒன்பதாவது துளையின் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர்களே வந்து கதவைத் தட்டினார்கள். எட்டு வருஷம் நாய்படாத பாடு பட்டதற்குப் பலன் கிடைத்தது என்று உன் அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாயே, தம்பி.

துளையிலிருந்து எடுக்கும் கல்லை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைக்கிறோம் அல்லவா? அந்த மறுபாதியை அவர்கள் சோதித்தார்கள். கடுகளவு தங்கம்கூட இல்லை. பிறகு அவர்களுடைய நிபுணர் பெட்டிகளின் புகைப்படங்களைப் புரட்டிவிட்டு, இது யாருடைய கை என்று கேட்டார். உன் கை. விரலில் கல்யாண மோதிரம். அதிலிருந்து உரசி ஒட்டிய தங்கம்தான் சோதனையில் வந்திருக்கிறது. கல்லைத் தொடுகிறவன் உடம்பில் குன்றிமணித் தங்கம்கூட இருக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவனே நீதானே!

உன் மனைவி கண்ணை மூடிய அன்று, இதைக் கழற்றவே மாட்டேன் என்று நீ அழுதது எனக்குத் தெரியாதா? பாவம்தான். பாவம் பார்த்து யாரும் கம்பெனியை வாங்க மாட்டார்கள்.

அவர்கள் இன்னும் பின்வாங்கவில்லை. தப்புச் செய்தவன் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினால், மற்றத் துளைகளை நம்பி வாங்குகிறோம் என்கிறார்கள். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு. வேண்டுமென்றே மோதிரத்தைக் கல்லில் தேய்த்தேன் என்று அதில் இருக்கும். தெரியாமல் நடந்தது என்றால் மேற்பார்வை பார்த்த என்னையும் கேள்வி கேட்பார்கள், அதனால்தான். இனி இந்தத் தொழிலில் உனக்கு யாரும் வேலை தர மாட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும், கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. ஒன்பதாவது துளைக் கல்லை அறுத்த அன்று நானும் அங்கே இருந்தேன். மோதிரத்தைப் பார்த்து நீ தயங்கியபோது, இருந்துட்டுப் போகட்டும்டா, யார் பார்க்கப் போறாங்க என்று நான் சொன்னதை எங்கேயும் எழுதிவிடாதே. ஏதோ இரக்கத்தில் வாய்தவறி வந்தது.

மோதிரத்தையும் காகிதத்தோடு அனுப்பு. அதே தங்கம்தானா என்று உருக்கிப் பார்ப்பார்களாம், திரும்பி வராது. விரலில் இறுகிப் போயிருந்தால் சோப்புப் போட்டுத் திருகு, வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அண்ணன்