கருங்கல்லுக்குள் அனுப்பிய மணல்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்
நெடுங்கேணி. நிலக்கரிப் படுகையைத் தண்ணீர் அழுத்தத்தால் பிளந்து, கூடுதல் வாயு எடுப்பது எப்படி என்று நான்கு வருடம் படித்தேன். இப்போது நிலக்கரியே இல்லாத நாட்டில் குழாய்க்கிணறுகளோடு மல்லுக்கட்டுகிறேன். வேலை அதேதான். வாயுவுக்குப் பதில் தண்ணீர்.

கமலாட்சி அக்காவின் கிணறு நிமிடத்துக்கு ஐந்து லீற்றர்தான் தருகிறது. இந்த முறையும் கச்சான் கடலை கருகினால் காணியை விட்டுவிட்டு வவுனியாவுக்கு மகளிடம் போய்விடுவாராம். "எங்க அப்பா எழுபத்தேழு கலவரத்துல தேயிலத் தோட்டத்துல இருந்து வந்து காடு வெட்டுன எடம், மிஸ்" என்றார்.

8 ஆகஸ்ட், வியாழன்
குடிக்கவே தண்ணீர் இல்லாத மாதத்தில், பாறையைப் பிளக்க, வற்றிவரும் கிணற்றுக்குள் நாலாயிரம் லீற்றர் பவுசர் வண்டித் தண்ணீரை அழுத்திச் செலுத்தினோம்! ஊரே முறைத்துக்கொண்டு நின்றது.

அழுத்தமானி ஏறி, சட்டென்று விழுந்தது. பாறை பிளந்துவிட்டது. பிளவு மூடாமலிருக்க மணல் கலந்து அனுப்பச் சொன்னேன். இருபது வருடமாகக் கிணறு துளைக்கும் மஹ்றூப் நானா தடுத்தார். "தங்கச்சி, இது கருங்கல். தானா நிக்கும். மணல் வேணாம்."

கேட்டேனா?

9 ஆகஸ்ட்
இப்போது கிணற்றில் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர்.

10 ஆகஸ்ட், சனி
நிலக்கரி மென்மையானது, மணல் இல்லாவிட்டால் பிளவு மூடிக்கொள்ளும். இங்கேயோ, மயிரிழைப் பிளவை நானே மணலால் அடைத்துவிட்டேன். எனக்கு என்ன திமிர்!

அலுவலகத்தில் கூட வேலைசெய்யும் ஜனார்த்தனன், "பாறை சரியில்லை எண்டு அறிக்கையில எழுதிவிடுங்கோ, ஆர் பாக்கப்போகினம்?" என்றார். எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு
அக்காவிடம் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன்.

"கெணறு செத்துப்போச்சா, அடைச்சிருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

"அடைச்சுத்தான் இருக்கு."

"அப்ப எடுங்க."

19 ஆகஸ்ட்
எட்டாம் நாள். காற்றை அழுத்திச் செலுத்தி மணலை வெளியே தள்ளுகிறோம். நிலக்கரிக் கிணற்றிலும் வாயு வருமுன் வாரக்கணக்கில் தண்ணீர் இறைக்க வேண்டும். படித்ததில் இங்கே உதவுவது அந்தப் பொறுமை ஒன்றுதான்.

23 ஆகஸ்ட், வெள்ளி
மணல் வருவது நின்றது. மறுபடி அழுத்தினோம், வெறும் தண்ணீரால். மஹ்றூப் நானா என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை.

பதினெட்டு லீற்றர்! ஆனால் கச்சானில் பாதிக்குமேல் கருகிவிட்டது. அந்தப் பாதி என் கணக்கில்தான்.

2 செப்டெம்பர், திங்கள்
அக்காவை அழைத்துப்போக மகள் தனுஷா வந்திருந்தாள். நான் போனபோது தாயும் மகளும் கருகிய கச்சானைப் பிடுங்கிவிட்டு மிளகாய் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா வரமாட்டாவாம், மிஸ். என்னைத்தான் லீவு போடச் சொல்லுறா" என்றாள் தனுஷா.

நான் வரப்பில் நின்றேன். அக்கா நிமிராமலே, "மிஸ், சும்மா நிக்காம அந்த நாத்துக் கட்ட எடுத்துக் குடுங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.