இடத்தோளில் வலத்துவக்கு

1979 ஓகஸ்ட் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். றோஸ் குசினி வாசலில் வந்து நின்று, "தொண்ணூற்றாறு" என்றாள். துறைமுக அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்க்கும் என் மகள், ஞாயிறுகளில் ஊழியர் கழகத்தில் துவக்குச் சுடப் பழகுகிறாள். நாலு வருடமாகிறது. இன்று நிதானச் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. கழகத்தில் அவளுக்கு மேலே ஒருவரும் இல்லை.

மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டவள் நான். எந்தப் புள்ளியும் காதுக்கு இவ்வளவு இனித்ததில்லை.

ஓகஸ்ட் 15

செப்டெம்பர் 30 அன்று சீனன்குடாவில் விமானப்படை அணியோடு போட்டி. கழகத்திலிருந்து நாலு பேர் போவார்கள். நிதானச் சூட்டோடு விரைவுச் சூடும் உண்டு: ஒரு நிமிடத்தில் பத்து வெடி. றோஸுக்கு இடறுவது அங்கேதான்.

கழகத்துத் துவக்குகள் எல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தவை. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அடுத்த ரவை ஏற, போல்ட்டை இழுத்து மூடவேண்டும். அதன் பிடி வலப்பக்கம். வலக்கைக்காரர் விசையில் இருக்கும் கையைச் சற்று நகர்த்தினால் போதும். இடத்தோளில் வைத்துச் சுடும் றோஸ், இடக்கையை விசையிலிருந்து எடுத்து, துவக்குக்கு மேலால் அந்தப் பக்கம் கொண்டுபோய், மீண்டும் கொண்டுவர வேண்டும். கிணறு முன்முற்றத்தில் இருக்க, பின்கதவால் மட்டும் போய்வரும் வீட்டுக்காரியைப் போல. மற்றவர்கள் பத்து வெடி வைக்கும் நேரத்தில் இவள் எட்டு.

பழக்குகிற ஹெக்டர் முன்பு கடற்படையில் இருந்தவர். வலத்தோளுக்கு மாறு, அல்லது பத்தை எப்படியாவது முடி, இரண்டும் ஏலாதென்றால் உன் இடம் ஐந்தாம் ஆளாக நிற்கிற முனாப்புக்கு என்று சொல்லிவிட்டாராம்.

ஓகஸ்ட் 19, ஞாயிறு

மாலையில் றோஸைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணையும் திறந்தபடி, நீட்டிய பெருவிரலால் தூரத்துக் கப்பலின் கொடிமரத்தை மறைக்கச் சொன்னேன். இனி ஒரு கண்ணை மூடு. இடக்கண்ணை மூடியதும் விரல் கொடிமரத்தை விட்டு விலகிவிட்டது. வலக்கண்ணை மூடியபோது அசையவில்லை. ஆகவே அவளுக்குக் குறி பார்ப்பது இடக்கண். வலத்தோளில் வைத்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம், துவக்கு மறுபக்கம்.

இதை ஹெக்டருக்கு ஒரு தாளில் படம் கீறி அனுப்பினேன். என் கணவர் நிக்கலஸ் பார்த்துவிட்டு, "மகள் சுடப் பழகிறாள், நீ துவக்குக்கே பாடம் எடுக்கிறாய்" என்றார்.

ஓகஸ்ட் 26, ஞாயிறு

பெரிய செய்தி. கழக அலுமாரியில் ஓர் இடக்கைத் துவக்கு இருக்கிறதாம்! ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, தனக்கென்று செய்வித்ததை ஓர் அதிகாரி கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிடி இடப்பக்கம். இருபத்திரண்டு வருடமாக எண்ணெய்த் துணிக்குள் கிடக்கிறது.

நானே போய் ஹெக்டரிடம் கதைத்தேன். வகுப்பு வாங்கில் இடக்கைப் பிள்ளையை நடுவில் இருத்தினால் முழங்கை பக்கத்துப் பிள்ளையில் இடிக்கும். இடது ஓரத்தில் இருத்தினால் அதே பிள்ளை அழகாக எழுதும், குற்றம் பிள்ளையில் இல்லை என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். நிர்வாகத்திடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

இங்கே உண்மையை எழுத வேண்டும். முதலாம் வகுப்பில் றோஸ் என் வகுப்பில்தான் இருந்தாள். சிலேட்டுப் பென்சிலை இடக்கையில் பிடித்தாள். நான்தான் வலக்கைக்கு மாற்றினேன். அடிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் பென்சிலை எடுத்து மற்றக் கையில் வைத்தேன். இன்றும் வலக்கையால்தான் எழுதுகிறாள். அந்தத் துவக்கைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அதே நினைப்பு.

செப்டெம்பர் 2

அனுமதி கிடைத்துவிட்டது. "ரீச்சர் வந்து கதைச்ச பிறகு ஏலாதெண்டு சொல்லேலுமோ" என்றாராம் ஹெக்டர்.

செப்டெம்பர் 9, ஞாயிறு

ஏழு. எட்டுக்கூட இல்லை, ஏழு.

நானும் போய்ப் பின்னால் நின்றேன். இரண்டு வெடிக்குப் பிறகு அவளுடைய கை பழைய வழியே துவக்குக்கு மேலால் வலப்பக்கம் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை வெறும் காற்றைத் தடவிவிட்டு வந்தது. நாலு தடவை அப்படி. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். முனாப் சிரிக்கவில்லை.

வரும் ஞாயிறும் இந்தத் துவக்கிலேயே பழகட்டும், இருபத்துமூன்றாம் திகதி கடைசித் தெரிவு என்றார் ஹெக்டர்.

நான் ஏன் போய்க் கதைச்சனான்? அவள் கேட்டவளோ? ஒருக்காலும் கேட்கவில்லையே. எனக்கு வேணுமெண்டு நான் ஓடினது — அவளுக்கெண்டு சொல்லிக்கொண்டு.

செப்டெம்பர் 10

இரவுச் சாப்பாட்டின்போது மன்னிப்புக் கேட்டேன். றோஸ் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "அம்மா, அது இடக்கைக்காரருக்குச் செய்த துவக்குத்தான். எனக்குச் செய்தது இல்லை. நான் நாலு வருசம் பழகினது மற்றதில." பிறகு, குழம்பில் புளி கூடிவிட்டது என்றாள்.

செப்டெம்பர் 16, ஞாயிறு

பழகப் போகவில்லை. காய்ச்சல் என்று ஹெக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். காய்ச்சல் இல்லை.

கை மெஷினில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். வலக்கை சில்லைச் சுற்ற, இடக்கை துணியை விடாமல் பிடித்திருந்தது. பாதி ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தன் கைகளையே பார்த்தாள். "அம்மா, துணியை விட்டுட்டு வந்து இந்தக் கையால சில்லைச் சுத்துவமோ?" என்று இடக்கையைக் காட்டிக் கேட்டாள். கேட்டபடியே எழும்பிப் போய்ப் போட்டி விதிகளை எடுத்துவந்தாள். விரைவுச் சூட்டில் துவக்கின் முன்பக்கத்தை மண்மூட்டையில் வைக்கலாம் என்று எட்டாவது விதி சொல்கிறது. வலக்கைக்காரருக்கு அதனால் நேரம் மிச்சமில்லை, ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் மூட்டை துவக்கைத் தாங்கினால் றோஸின் வலக்கை சும்மா இருக்கும். போல்ட்டின் பிடி அந்தப் பக்கம்தானே! இடக்கை விசையை விட்டு அசையவே தேவையில்லை.

சட்டை அப்படியே கிடக்க, விளக்குமாற்றைத் தலையணையில் வைத்து இருட்டும்வரை பழகினாள்.

செப்டெம்பர் 20

நாலு நாளாக விளக்குமாறு என் கைக்கு வரவில்லை. வீடு கூட்டியது தென்னோலையால்.

செப்டெம்பர் 23, ஞாயிறு

கழகத்துப் பழைய வலத்துவக்கு. மண்மூட்டை. ஐம்பத்தொரு செக்கனில் பத்து. கன்னம் துவக்கை விட்டு ஒருமுறைகூட எழும்பவில்லை.

ஹெக்டர் விதிப்புத்தகத்தை வாங்கி எட்டாவது விதியை இரண்டு தரம் வாசித்தார். "இருபது வருசமா இதை வச்சிருக்கிறன், தங்கச்சி. வாசிக்கேல்ல" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடிவிட்டது.

முனாப்பும் பத்து முடித்தான்; புள்ளி ஆறு குறைவு. இடம் றோஸுக்கு. அவன் என்னிடம் வந்து, "ரீச்சர், நான் தோக்கோணுமெண்டு செபம் கிபம் பண்ணினீங்களோ?" என்று கேட்டான். றோஸுக்காக மட்டும்தான் என்றேன். "அப்ப சரி" என்று கிண்ணியாவுக்குப் போகும் பாதைப் படகைப் பிடிக்க ஓடினான். நல்ல பிள்ளை.

செப்டெம்பர் 30, ஞாயிறு

சீனன்குடாவிலிருந்து இப்போதுதான் வந்தோம். கால் வீங்கியிருக்கிறது, எழுதாமல் படுக்க மனமில்லை.

அணி மூன்று புள்ளியால் தோற்றது. ஆனால் விரைவுச் சூட்டில் இரண்டு அணியிலும் கூடிய புள்ளி தொண்ணூற்று நாலு, என் மகளுடையது. படுத்தபடி இடத்தோளில் சுடுபவருக்குக் கால்கள் வலப்பக்கம் நீளும் என்பதால் அவளுக்கு வலது ஓரத்துப் பாயைக் கேட்டு வாங்கியிருந்தார் ஹெக்டர். பேரை வாசித்தபோது நிக்கலஸ் கைதட்டவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டினேன்.

எல்லாம் முடிந்த பிறகு விமானப்படைச் சார்ஜன்ட் ஒருவர் அவளுடைய பாயில் படுத்து, துவக்கை இடத்தோளில் வைத்து, வலக்கையால் போல்ட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார். எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, யார் காட்டித் தந்தது என்று கேட்டார். றோஸ், "தையல் மெஷின்" என்றாள். அவருக்கு விளங்கவில்லை.

1980 மார்ச் 9, ஞாயிறு

இப்போது வெளிநாட்டுச் சாமான் வருவதால் கழகத்துக்குப் புதுத் துவக்கு ஒன்று எடுக்கிறார்கள். ஹெக்டர் படிவத்தோடு வீட்டுக்கே வந்தார். பாவிப்பவர் என்ற இடத்தில் றோஸின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார். "இந்த முறை உனக்கெண்டே எடுக்கிறது. இடதோ வலதோ, நீயே போடு" என்றார்.

இடக்கைக்கு என்று புத்தம் புதிதாகச் செய்தது, அடுத்த போட்டிக்குள் பழகவும் காலம் இருக்கிறது என்று நாக்கின் நுனிவரை வந்தது. தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் எழுதி முடித்திருந்தாள். வலக்கைத் துவக்கு. அதன் கீழே, கேட்கப்படாத ஒரு வரி: மண்மூட்டையில் வைக்க முன்பக்கம் தட்டையாக இருக்கவேண்டும்.

படிவத்தை என்னிடம் நீட்டினாள். முழுவதையும் வாசித்தேன். மடித்து, உறையில் இட்டு, ஒட்டி ஹெக்டரிடம் கொடுத்தேன்.